ராத்திரி இரண்டு மணிக்குக் கார்டில் போன பணம்

கேள்வி: நீடாமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கணவர் துபாயில் இருக்கிறார். போன வருடம் தஞ்சாவூரில் ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தபோது, அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு தம்பி "லைஃப் டைம் ஃப்ரீ" என்று சொல்லி கிரெடிட் கார்டுக்கு எழுதிக்கொண்டார். கார்டு வந்ததும் கடைக்கே வந்து, என் போனை வாங்கி எல்லாம் செட் பண்ணிக் கொடுத்தார். கார்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். லிமிட் 60,000. கடைக்கு வாங்கிய பிரிண்டருக்கு அதில்தான் இஎம்ஐ ஓடுகிறது.

போன வெள்ளிக்கிழமை விடிகாலை 2 மணிக்கு மூன்று எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. முதலில் 2 ரூபாய், அப்புறம் 6,240, அப்புறம் 11,815. ஏதோ வெளிநாட்டுப் பெயர். ஓடிபி வரவே இல்லை, நான் யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. காலையில் பார்த்துப் பதறி, கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடிப் பேசினேன். அவர் கார்டின் கடைசி நான்கு எண்ணைக் கேட்டார், சொன்னேன். ரீஃபண்டுக்கு என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஆப் அனுப்பினார். கொழுந்தனார் தடுத்துவிட்டார். திங்கட்கிழமை கிளைக்குப் போனால், கார்டு விவகாரம் எங்களிடம் இல்லை என்கிறார்கள். அன்றைக்கே பில்லும் வந்துவிட்டது: 26,991 ரூபாய். அதில் நான் வாங்கியது, இஎம்ஐயையும் சேர்த்து, 5,630தான். மீதியில் ப்ரொடெக்‌ஷன் பிளான் 1,769, ஆண்டுக் கட்டணம் 590, நான்கு மாதமாக ஏதோ ஒரு ஆப்புக்கு 199, வெளிநாட்டுக் கட்டணம் என்று 746. பில்லைக் கட்டுவதா வேண்டாமா? கணவர் கார்டை வெட்டிப் போடு என்கிறார்.
- ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் திங்கள் மாலை வந்தது. இந்தப் பக்கம் அச்சாகி வரும்வரை பொறுத்திருக்கும் விஷயம் இல்லை என்பதால் அன்று இரவே போனில் பிடித்தேன். கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசி, கார்டை முடக்கச் சொல்லி, மூன்று பரிவர்த்தனையும் என்னுடையது இல்லை என்று புகார் எண் வாங்கச் சொன்னேன். அப்படியே செய்துவிட்டீர்கள். கொள்ளிடக் கரை உடைத்துக்கொண்டால் முதலில் மணல் மூட்டை, விசாரணை எல்லாம் விடிந்த பிறகு. இனி விடிந்த பிறகான கதையைப் பார்ப்போம். உங்களுக்கு மட்டும் இல்லாமல் இதே மாதிரி பில்லைக் கையில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் இந்த டெல்டாக் கிளைகளில்தான் குப்பை கொட்டினேன். (உங்கள் ஊர் ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தை மட்டும் கூட்டினால் அதில் ஒரு வருடம் போயிருக்கும்.) இந்த மாதிரிப் பில்லோடு வருகிறவர்கள் எல்லோரும் "சார், இருபதாயிரம் போச்சு" என்று மொத்தமாகத்தான் ஆரம்பிப்பார்கள். அப்படி மொத்தமாகச் சொன்னால் வங்கியும் மொத்தமாக ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடும். உங்கள் பில்லில் இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, நான்கு. ஒன்று திருட்டு. ஒன்று நீங்கள் அறியாமல் தலையில் கட்டிய சரக்கு. ஒன்று வாக்குக்கும் காகிதத்துக்கும் உள்ள வித்தியாசம். இன்னொன்று உங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. முதல் மூன்றுக்கும் தனித்தனிப் புகார் எழுதுங்கள்.

திருட்டில் ஆரம்பிப்போம். அந்த 2 ரூபாய் என்ன என்று பலருக்கும் புரிவதில்லை. கார்டு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அது. போனால் அடுத்த நிமிடமே பெரிய தொகை போகும். இரவு 2 மணியைத் தேர்ந்தெடுப்பதும் நீங்கள் தூங்குவீர்கள் என்பதற்காகத்தான். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று அறிமுகம் இல்லாத பெயரில் எஸ்எம்எஸ் வந்தால், சின்னத் தொகைதானே என்று விடாமல் உடனே முடக்க வேண்டும்.

ஓடிபி இல்லாமல் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு நம் நாட்டில் நம் ரிசர்வ் வங்கி வைத்த கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண், காலாவதி மாதம், பின்னால் உள்ள மூன்று இலக்க சிவிவி இருந்தால் போதும், பணம் போய்விடும். அந்த மூன்றும் எங்கிருந்து போயின என்று கடைசிவரை தெரியாமலே போகலாம். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்த தம்பி மேல்தான் உங்களுக்குச் சந்தேகம், எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் நீங்கள் எப்போதோ கார்டு போட்ட ஏதாவது தளத்தில் கசிந்திருக்கலாம். எண்களைக் கணினியில் வரிசையாக உருவாக்கித் தட்டிப் பார்க்கும் கும்பலும் உண்டு. ஆதாரம் இல்லாமல் புகாரில் யார் பெயரையும் எழுதாதீர்கள். போட்டோ எடுத்ததை நடந்தது நடந்தபடி ஒரு வரியில் சொல்லுங்கள், போதும்.

இங்கே கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி வேறு. 2020இல் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டு உள்நாட்டில் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். ஆன்லைன், வெளிநாடு, தட்டிக் கட்டும் வசதி மூன்றையும் வாடிக்கையாளர் தானே கேட்டுத் திறந்தால்தான் உண்டு. நீங்கள் வெளிநாட்டு வசதியைத் திறந்ததாக நினைவே இல்லை என்றீர்கள். அப்படியானால் அது என்றைக்கு, எப்படித் திறக்கப்பட்டது என்று வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். "எல்லாம் செட் பண்ணிக் கொடுத்த" அன்று அந்தத் தம்பியே உங்கள் போனில் திறந்துவிட்டிருந்தால், உங்கள் சம்மதத்தோடுதான் நடந்தது என்று வங்கி சொல்லக்கூடும். சொல்லட்டும், கேள்வியை விடாதீர்கள்.

இப்போது நாள் கணக்கு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு ஒன்று இருக்கிறது. தவறு வங்கியிடமும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் நடுவில் எங்கோ நடந்திருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் தெரிவித்துவிட்டால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு நாள் ஆகிவிட்டால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழும். ஏழுக்கும் மேலே போனால் வங்கியின் சொந்தக் கொள்கைப்படி. தகவல் வந்த நாள் கணக்கில் சேராது. உங்களுக்கு எஸ்எம்எஸ் வந்தது வெள்ளி. அடுத்து வந்தது இரண்டாம் சனி, வங்கிக்கு விடுமுறை. ஞாயிறு கணக்கில் இல்லை. ஆக நீங்கள் புகார் செய்த திங்கள் இரவு முதல் வேலை நாள்தான். பிழைத்தீர்கள். கிளை மேலாளர் "அஞ்சு நாள் ஆச்சேம்மா" என்று இழுத்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

புகார் செய்த பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி உங்கள் கார்டு கணக்கில் தற்காலிகமாகத் திரும்ப வரவு வைக்க வேண்டும். விசாரித்து முடிக்க அதிகபட்சம் 90 நாள். அதற்குள் அந்தத் தொகைக்கு வட்டி போடக் கூடாது. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதுதான், உங்களுடையது இல்லை. திருட்டுத் தொகையோடு அந்த 746 ரூபாயையும் சேர்த்துக் கேளுங்கள். திருடன் வாங்கியதற்கு அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் நீங்கள் கட்ட முடியுமா என்ன.

இதில் ஒரு கசப்பான பகுதியும் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓடிபியையோ பின் நம்பரையோ நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால், புகார் செய்யும் நேரம் வரை போன பணம் உங்கள் நஷ்டம். புகாருக்குப் பின் போவது வங்கியின் நஷ்டம். அதனால்தான் அவமானப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் யோசிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஓடிபி சொல்லிவிட்டோமே, போன் பண்ணி என்ன பயன் என்று உட்கார்ந்திருப்பார்கள். பயன் இருக்கிறது. அடுத்த பத்தாயிரம் போகாமல் நிற்கும். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் உடனே சொன்னால், பணம் கைமாறுவதற்குள் வழியிலேயே நிறுத்த ஒரு வாய்ப்பு உண்டு. உங்கள் விஷயத்திலும் 1930க்குச் சொல்லிவிடுங்கள், அல்லது சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதிவு செய்யுங்கள். அங்கே தரும் பதிவு எண்ணை வங்கிக்கு எழுதும் கடிதத்தில் போட்டால் கடிதத்துக்கு எடை கூடும்.

அப்புறம் அந்தக் கூகுள் கஸ்டமர் கேர். அன்றைய நாளில் உங்களுக்கு நேர இருந்த பெரிய ஆபத்து விடிகாலை 2 மணித் திருட்டு இல்லை, இதுதான். பதறிப் போய்த் தேடுகிறவர்கள் கண்ணில் படும்படி போலி எண்களை இணையத்தில் போட்டுவைத்து, வலை விரித்தவன் மாதிரிக் காத்திருக்கிறார்கள். நாம் போய் விழுகிறோம். வங்கியின் எண் கார்டின் பின்னால் இருக்கிறது, பில்லில் இருக்கிறது, வங்கியின் சொந்தத் தளத்தில் இருக்கிறது. இப்போது நம் வங்கிகளின் தள முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்றுதான் முடியும். அந்த எண்ணை இன்றே போனில் சேமித்துவையுங்கள், கொழுந்தனார் போனிலும்.

அந்தப் போலி கஸ்டமர் கேர் ஆள் அனுப்பிய ஆப் ஏபிகே வகையாகத்தான் இருக்கும், அதாவது ப்ளே ஸ்டோர் வழியாக வராமல் நேராகப் போனில் ஏற்றும் கோப்பு. போட்டவுடன் உங்கள் எஸ்எம்எஸ்களை அது படிக்க ஆரம்பித்துவிடும். ஓடிபியை நீங்கள் வாயால் சொல்லவே வேண்டாம், அதுவே எடுத்து அனுப்பிவிடும். நம் பக்கத்தில் இது இரண்டு வேஷத்தில் அதிகம் வருகிறது. ஆவணி, தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை என்று வரும். விவசாயிகளுக்குப் பிஎம் கிசான் பணம் என்று வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வந்தாலும் தொடாதீர்கள். அவர் போன் ஏற்கெனவே போய்விட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். கொழுந்தனாருக்கு ஒரு நல்ல காபி போட்டுக் கொடுங்கள்.

அடுத்தது 1,769 ரூபாய் ப்ரொடெக்‌ஷன் பிளான். 1,499க்கு 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் இந்தத் தொகை வரும். போனில் கேட்டபோது, மதியம் கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் யாரோ ஒரு பெண் கூப்பிட்டு வேகமாக ஏதோ படித்தார், "ஆங், ஆங்" என்று சொல்லி வைத்துவிட்டேன் என்றீர்கள். அந்த "ஆங்"தான் இப்போது 1,769 ரூபாய். கார்டோடு காப்பீடு மாதிரி எதைக் கொடுப்பதானாலும் வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதிகள் சொல்கின்றன. ஆகவே இரண்டு வரி எழுதுங்கள்: நான் இதற்குச் சம்மதிக்கவில்லை, சம்மதித்ததாகச் சொன்னால் அதன் பதிவைக் காட்டுங்கள், இல்லையேல் ரத்து செய்து தொகையைத் திருப்புங்கள். பில்லில் உள்ள ஒரு தொகையைப் பற்றி நீங்கள் புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் விளக்கமும் ஆதாரமும் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. என் அனுபவத்தில், பதிவைக் கேட்டதும் பாதிப் பேர் பணத்தைத் திருப்பிவிடுவார்கள்.

ஆண்டுக் கட்டணம் 590 கொஞ்சம் வழுவழுப்பான சமாச்சாரம். வாயால் சொன்ன "லைஃப் டைம் ஃப்ரீ"க்கு மதிப்பு இல்லை. கார்டோடு வந்த உறையில் முக்கிய நிபந்தனைகள் என்று பொடி எழுத்தில் ஒரு தாள் இருக்கும், எடுத்துப் பாருங்கள். முதல் வருடம் மட்டும் இலவசம் என்று இருந்தால் சட்டப்படி பெரிதாகச் செய்ய ஒன்றும் இல்லை. ஆனாலும் "கார்டை முடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், பல நேரம் தள்ளுபடி செய்வார்கள். இதில் நானே ஏமாந்தவன். ஓய்வு பெற்ற புதிதில் ஒரு வங்கி வலிய வந்து கார்டு கொடுத்தது. பெட்டியில் போட்டுவிட்டு மறந்துபோனேன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் கட்டணம், தாமதக் கட்டணம், வட்டி என்று அது குட்டி போட்டு வைத்திருந்தது. ஊருக்கெல்லாம் கடன் கொடுத்த மேனேஜர் கடன்காரன் ஆன கதை. இப்போது விதி மாறியிருக்கிறது. கார்டு கொடுத்து 30 நாளுக்குள் நீங்கள் அதை இயக்காவிட்டால், ஓடிபி மூலம் உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் கட்டணம் இல்லாமல் அவர்களே கணக்கை மூட வேண்டும். அன்றைக்கு அந்த விதி இருந்திருந்தால் எனக்கு மூவாயிரத்துச் சொச்சம் மிஞ்சியிருக்கும்.

199 ரூபாய் ஆப்பைப் பற்றி வீட்டில் விசாரித்தீர்களாம், மகன் ஒத்துக்கொண்டானாம். ஏழு நாள் இலவசம் என்று ஆரம்பித்தது. திட்டாதீர்கள், பெரியவர்களே இதில்தான் விழுகிறார்கள். போனிலிருந்து ஆப்பை நீக்கிவிட்டால் பணம் போவது நிற்கும் என்று நினைத்தீர்கள். நிற்காது. கார்டின் மேல் கொடுத்த தானியங்கி அனுமதியை, 'மேண்டேட்' என்பார்கள், தனியாக ரத்து செய்ய வேண்டும். வங்கி ஆப்பில் அந்தப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு மாதமும் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும் என்பது விதி. உங்கள் போனில் தேடிப் பாருங்கள், நான்கு மாதமும் வந்திருக்கும், விளம்பரம் என்று தள்ளிவிட்டிருப்பீர்கள். 15,000 ரூபாய் வரையிலான இந்த மாதாந்திரக் கழிவுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க மாட்டார்கள், அதனால்தான் சத்தம் இல்லாமல் போகிறது. போன நான்கு மாதப் பணத்தை மறந்துவிடுங்கள். அதற்காக மல்லுக்கட்டும் நேரத்தில் கடையில் நாலு பேருக்குப் பிரிண்ட் போடலாம்.

சரி, பில்லைக் கட்டுவதா? திருட்டுத் தொகையும் அதன் கட்டணமும் சேர்ந்து 18,803. அதைக் கழித்தால் 8,188. இந்த 8,188ஐக் கெடு தேதிக்குள் முழுதாகக் கட்டிவிடுங்கள், சண்டை போடப் போகும் பிளானையும் ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்துத்தான். அவை திரும்பினால் அடுத்த பில்லில் வரவாகிவிடும். கோபத்தில் மொத்தத்தையும் கட்டாமல் விட்டால் உங்கள் சொந்தச் செலவுக்கும் வட்டி ஓடும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் அடிபடும். திருட்டுத் தொகை தகராறில் இருக்கிறது, அதனால் நிறுத்திவைத்திருக்கிறேன் என்று மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். 'மினிமம் டியூ' என்று சின்னதாக ஒரு தொகை போட்டிருப்பார்களே, அதைக் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். மீதிக்குப் பல வங்கிகள் போடுவது மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டிய வட்டி. வருடத்துக்கு 42. சம்பா நடவுக்கு நகையை அடகு வைக்கிறவர் கொடுக்கும் வட்டி இதைவிட எவ்வளவோ குறைவு. 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டி விஷயத்தில் உங்களைக் காப்பாற்ற யாரும் வர மாட்டார்கள்.

புகாரை எல்லாம் போனில் சொன்னதோடு விடாதீர்கள். தேதி, நேரம், தொகை, கார்டின் கடைசி நான்கு எண், திங்கள் இரவு கொடுத்த புகார் எண், முடக்கிய நேரம் இவற்றைப் போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். முழுக் கார்டு எண்ணை எங்கும் எழுத வேண்டாம். அழுகை, சாபம் எதுவும் வேண்டாம், எட்டு வரி போதும். ஒரு பிரதியைக் கிளையில் கொடுத்து முத்திரை வாங்கிவையுங்கள். "எங்களிடம் இல்லை" என்று சொன்னவர்களும் தபால் வாங்க மறுக்க முடியாது. 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் வழிமுறை கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் கணவர் யோசனைக்கு வருகிறேன். கார்டை வெட்டிப் போட்டால் பிளாஸ்டிக்தான் போகும், கணக்கு அப்படியே இருக்கும், அடுத்த ஆண்டுக் கட்டணமும் ஒழுங்காக வரும். மூடுவதென்றால் பாக்கியைத் தீர்த்துவிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். ஆனால் பிரிண்டர் இஎம்ஐ ஓடும்போது இப்போதைக்கு மூட முடியாது. எனக்கு மூடுவதிலும் உடன்பாடு இல்லை. இதே திருட்டு உங்கள் டெபிட் கார்டில் நடந்திருந்தால் சேமிப்புக் கணக்கில் இருந்த பணம் அன்றைக்கே காலி. அதைத் திரும்ப வாங்கும்வரை கடை வாடகைக்குக் கைமாற்று வாங்கியிருப்பீர்கள். கிரெடிட் கார்டில் போனது வங்கியின் பணம், அதனால்தான் உட்கார்ந்து கடிதம் எழுத உங்களுக்கு நேரம் கிடைத்தது. ஆன்லைனில் வாங்குவதற்கு டெபிட் கார்டை விட இதுவே மேல் என்பது என் கட்சி.

மாற்றுக் கார்டு வந்ததும் வெளிநாட்டு வசதியை அணைத்துவையுங்கள். ஆன்லைனை வாங்கும் நேரத்தில் மட்டும் திறந்து மூடுங்கள், ஒரு நிமிட வேலை. தட்டிக் கட்டுவதில் 5,000 ரூபாய் வரை பின் கேட்காது, உங்களுக்கு அது தேவைப்படாது என்பதால் அதையும் அணைக்கலாம். லிமிட் அறுபதாயிரம் இருந்தாலும் ஆன்லைனுக்கு ஐயாயிரம் என்று நீங்களே குறைத்துக்கொள்ளலாம். சிவிவி மூன்று எண்ணையும் மனப்பாடம் செய்துகொண்டு அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கடன் விண்ணப்பத்துக்கு என்று கார்டின் இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுக்க உங்கள் கடைக்கே எத்தனை பேர் வருகிறார்கள், சரியாக வரவில்லை என்று எத்தனை தாளை அப்படியே குப்பைக் கூடையில் விட்டுப் போகிறார்கள் என்று போனில் நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தக் கூடையை அன்றாடம் கிழித்துக் கொட்டச் சொல்லுங்கள்.

நடுவில் விடுமுறை எதுவும் இல்லையென்றால், பத்து வேலை நாள் முடிவது புகார் கொடுத்ததற்கு அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை. அன்று மாலை வங்கி ஆப்பைத் திறந்து 18,803 வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முத்திரை வாங்கிய பிரதியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த கடிதத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.